குறையாத பிரேக் ஆயில்

எங்கள் வேன் ஒரு வாரம் முழுக்கச் சத்தமே போடாமல் ஓடியது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. மாறாக, குளித்து முடித்த யானையைப் பார்க்கிற பாகன் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பூரித்துக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பது வயது வண்டி. எட்டுப் பேர் உட்காரலாம். ஒன்பதாவதாக ஏதாவது ஒரு கோளாறு எப்போதும் கூடவே வரும். பக்கவாட்டுக் கதவை இழுத்தால் அது போடுகிற அலறலில் தெருக்கோடி வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால் கிணற்றுக்குள் இரும்புக் கட்டில் விழுந்த மாதிரி கேட்கும். இடது பக்கம் திரும்பினால் முனகும், வலது பக்கம் திரும்பினால் விசும்பும், நேராகப் போனால் பெருமூச்சு விடும். ஏசியைப் போட்டால் குளிர் வராது. போன வருஷத்து இலை ஒன்று வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தச் சுண்டைக்காயே எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இரண்டே வருஷத்தில் ரேடியேட்டர் மாற்றினோம், டைமிங் பெல்ட் மாற்றினோம், டயர் நான்கும் மாற்றினோம், கடைசியாக கியர்பாக்ஸை இறக்கி ஏற்றினோம். வண்டியில் பழையதாக மிச்சம் இருந்தது ஹாரன் மட்டும்தான், அதுவும் மழைக்காலத்தில் தானாகவே அடிக்கும்.

கியர்பாக்ஸ் செலவு வந்த அன்று என் மனைவி கூடத்தின் நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னாள். பிரசவ ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. உயர்த்தாமலே ஊரை அடக்குவாள்.

"இனிமே இந்த வண்டியில சக்கரத்தையோ இன்ஜினையோ கழட்டுற வேலை ஒண்ணு வந்துச்சுன்னா, அன்னைக்கே பழைய இரும்புக்குப் போகுது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

இரண்டு பேர் என்றால் நானும் என் மச்சானும். மச்சான் என்றால் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. வேனில் பாதி அவனுடையது. முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான், புதன்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்கு வேனை எடுத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவான். அதனாலேயே ஊரில் அவனுக்குத் தூண்டில் என்று பெயர். அவன் இதுவரை பிடித்த மீன்களை எண்ண ஒரு கை போதும், அதிலும் விரல் மிஞ்சும். ஆனால் வண்டிக்குள் ஏறினால் ஒரு கடலே செத்துக் கிடக்கிற மாதிரி நாறும். மற்ற ஆறு நாளும் வண்டி என் வசம். ஓய்வு பெற்ற நான்கு கிழவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு சந்தைக்கும் கடற்கரைக்கும் கண் டாக்டரிடமும் போய் வருவேன். வண்டி இருந்தால் நான் தளபதி. வண்டி இல்லாவிட்டால் காய் நறுக்குகிறவன்.

ஆகவே அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பார்த்தோமே தவிர ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். என் மகள், தன் வீட்டுக்காரரையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வேனில் மலைக்குப் போவதாக ஏற்பாடு. மலை மேல் இருக்கும் அவள் நாத்தனார், தன் வீட்டைக் காலி செய்கிறாள், ஒரு மர அலமாரியும் நாலு பெட்டிப் புத்தகமும் தருகிறாள், இவர்களுடைய சின்னக் காரில் அலமாரியின் ஒரு கதவுகூட நுழையாது. "அப்பா, வேன் தருவீங்களா?" என்று கேட்டாள். தருவீங்களாவா! மாலை போட்டுத் தருகிறேன் என்றேன். மலைக்கு ஏற இருபத்து மூன்று வளைவு. இறங்கவும் அதே இருபத்து மூன்றுதான். ஆனால் ஏறும்போது அவை சாலை, இறங்கும்போது அவை கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பிரேக்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிரேக்கைப் பற்றித்தான் எனக்கு ஒரு சின்ன ரகசியம் இருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்பு எங்கள் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோயிருந்தோம், நானும் மச்சானும். அந்த மெக்கானிக்கை நாங்கள் நாடி என்றுதான் கூப்பிடுவோம். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினுக்கு நாடி பார்ப்பார். அன்றைக்கும் பார்த்தார். பிறகு பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவை டார்ச் அடித்துக் காட்டினார். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு.

"மேல் கோட்டுல இருந்து ஒரு நூல் இறங்கியிருக்கு, பாத்தீங்களா? பிரேக் கட்டை தேயறதால இறங்கலாம். இல்ல, எங்கயாவது ஒழுகலாம். வாராவாரம் பாருங்க. இறங்கிக்கிட்டே போச்சுன்னா எங்கிட்ட கொண்டு வாங்க. பின் சக்கரத்தைக் கழட்டிப் பாக்கணும். சும்மா ஊத்தி ஊத்தி ஓட்டாதீங்க சார். ஆயில் தானா குறையாது."

சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கணும். அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் பழைய இரும்புக்கடைத் தராசு கண் முன்னால் வந்து ஆடியது. மச்சான் முகத்தைப் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த காலண்டரை உலக அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். ஒரு நூல் குறைந்திருந்தது. கடையில் ஒரு பாட்டில் பிரேக் ஆயில் வாங்கி, ஷெட்டில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். ஒரே ஒரு மூடி ஊற்றினேன். மேல் கோட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு, ஒரு மூடி. அதற்கடுத்த ஞாயிறு, ஒரு மூடி. நாடி சொன்னதை நான் மறக்கவில்லை. அவர் சொன்னது சாதாரண ஆட்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன். நான் யார்? குடிநீர்க் குழாய் இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம் கசிவு கண்டுபிடித்தவன். தார் ரோட்டில் காதை வைத்துப் படுத்தேன் என்றால், ஆறடி ஆழத்தில் ஒரு குழாய் கண்ணீர் விடுவது கேட்கும். மேயர் வீட்டுக் குளியலறையில் குழாய் சொட்டுவதை அடுத்த தெருவில் இருந்தே சொல்லியிருக்கிறேன். அந்த வேலையின் சூத்திரம் ஒன்றே ஒன்றுதான்: உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது. இரண்டுக்கும் வித்தியாசம்தான் கசிவு. இங்கே வாரத்துக்கு ஒரு மூடி போகிறது, கோடு அப்படியே நிற்கிறது. வாரத்துக்கு ஒரு மூடி என்பது ஒரு கசிவா? கிழவண்டிக்கு அது தாகம். நான்கு மாதமும் கூடவில்லை, குறையவில்லை, வாரத்துக்கு அதே ஒரு மூடி. பிரேக் ஆயில் குறைந்தால் எரிகிற டேஷ்போர்டு சிவப்பு விளக்கும் ஒரு நாள்கூட எரியவில்லை. மகளிடம் சாவியைக் கொடுக்கும்போது என் மனசில் ஒரு தூசுகூட இல்லை என்று சத்தியமாகச் சொல்வேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளை முன் சீட்டில் சீட் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஏழு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். எட்டாவது வார்த்தைக்கு வரி கட்டணும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். பேத்தியும் பேரனும் பின் சீட்டில் ஜன்னலோரத்துக்காக ஏற்கெனவே மகாயுத்தத்தைத் தொடங்கியிருந்தார்கள். மகள் பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"அப்பா, பிரேக் கொஞ்சம் ஆழமாப் போகுதே?"

"பழைய வண்டிம்மா. மரியாதையா மிதிக்கணும். உங்க காரு மாதிரி தொட்டா நிக்காது, கும்பிட்டாத்தான் நிக்கும்."

சிரித்தாள். கிளம்பினாள். வேன் சத்தமே இல்லாமல் தெருமுனை திரும்பியது.

வேன் நின்ற இடத்தில், பின் இடது சக்கரம் இருந்த பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். முதல் நாள் நான்தான் வண்டியைக் கழுவியிருந்தேன். தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். வெயில் ஏறியது. மற்ற ஈரமெல்லாம் காய்ந்தது. அது காயவில்லை. பத்து மணிக்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தபோது பார்த்தேன், மறுபடி உள்ளே போனேன். பன்னிரண்டு மணிக்கு வந்து குனிந்து விரலால் தொட்டேன். வழுவழுவென்றிருந்தது. மோந்து பார்த்தேன். லேசாக மீன் நாற்றம். "தூண்டில் பயல் எதையோ சிந்தியிருக்கான்" என்று விரலைச் சுவரில் துடைத்தேன். துடைத்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒரு மணி வாக்கில் மச்சான் வந்தான். கடையைச் சாப்பாட்டுக்கு மூடிவிட்டு வந்திருந்தான், தோளில் வெட்டிய முடி ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் ஷெட்டைப் பார்த்தான்.

"வண்டி எங்க அத்தான்?"

"உன் மருமவ எடுத்துட்டுப் போயிருக்கா. மலைக்கு. அலமாரி ஏத்திட்டு சாயங்காலம் வந்துடுவா."

சாதாரணமாக அவன் வாயை மூட இரண்டு பேர் வேண்டும், அன்றைக்கு என் பதில் ஒன்றே போதுமாக இருந்தது. ஷெட்டின் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா?"

"மலைக்கா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அது என்ன உன் அரண்மனைத் தேரா?"

"அத்தான்... வெளையாடாதீங்க. நான் ஒண்ணு சொன்னா அக்காகிட்ட சொல்லக்கூடாது." அவன் குரல் இறங்கியது. "பிரேக் ஆயில் கொஞ்சம் குறையுது. நான்தான் புதன்கிழமைதோறும் மேல் கோட்டைத் தாண்டி ஊத்தி வச்சுக்கிட்டு இருந்தேன், உங்க கண்ணுல படக்கூடாதுன்னு."

சுவரில் துடைத்த விரலை மறுபடி மோந்து பார்த்தேன்.

"எவ்வளவு ஊத்தின?"

"மொதல்ல ஒரு மூடி. அப்புறம் ரெண்டு. போன மாசம் மூணு மூடி. இந்தப் புதன்கிழமை..." அவன் தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டினான். "அரை பாட்டில் குடிச்சிடுச்சு அத்தான். அடுத்த வாரம் எப்படியாவது நாடிகிட்ட கொண்டுபோயிடலாம்னுதான் இருந்தேன். இன்னைக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தபோதெல்லாம் ஏன் ஒரு மூடி மட்டுமே குறைந்திருந்தது என்று அப்போது புரிந்தது. நடுவில் புதன்கிழமை என்று ஒன்று இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் கசிவு கண்டுபிடித்தவன், என் வீட்டுக் குழாயில் எனக்குத் தெரியாமல் இன்னொரு கை தண்ணீர் ஊற்றுவதைக் கண்டுபிடிக்கவில்லை. அது ஊற்ற ஊற்ற, என் கோடு நிமிர்ந்து நின்றது. சிவப்பு விளக்கும் பாவம், எங்கள் இரண்டு பேரையும் நம்பி அணைந்தே கிடந்தது.

"நானும் ஊத்தினேன்டா" என்றேன். "ஞாயித்துக்கிழமை."

மச்சான் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன்.

போனை எடுத்தேன். அவசரத்தில் முதலில் கண் டாக்டருக்கு அடித்துவிட்டேன். பிறகு மகளுக்கு. எட்டுத் தடவை மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். இந்தத் தடவை எடுத்தது பேரன்.

"தாத்தா, நான் கேம் ஆடிட்டு இருக்கேன்."

"கண்ணா, அம்மா எங்க?"

"அம்மா வண்டி ஓட்டுறாங்க. நாங்க கீழ எறங்குறோம். காது அடைக்குது. தாத்தா, அக்கா என் ஜன்னலைப் புடிச்சிக்கிட்டா—"

"போனை ஸ்பீக்கர்ல போடு ராஜா. இப்பவே போடு."

போட்டான். வண்டியின் இரைச்சல் கேட்டது. பின்னால் அலமாரி எதிலோ இடித்துக்கொள்கிற தடக் தடக்.

"அம்மாடி! வண்டியை நிறுத்து! வண்டி பாதாளத்துக்குப் போகப்போகுது! பிரேக் பூராவும் ஒழுகி ஓடிருச்சு, கடல் கணக்கா ஒழுகுது!"

மகள் சிரித்தாள்.

"ஆரம்பிச்சிட்டீங்களா? போன தடவை ரேடியேட்டர் ஹோஸ் கிழிஞ்சதுக்கு எரிமலைன்னீங்க. கதவு மாட்டிக்கிட்டதுக்கு ஜெயில்னீங்க. கியர் இறுகினதுக்குத் தீயணைப்பு வண்டியையே கூப்பிட்டீங்க. சின்னவனை பயமுறுத்தாதீங்கப்பா. வளைவு வருது, வச்சிடறேன்."

"வைக்காதே!"

அந்த இடத்தில் எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தைகளும் கூட்டமாக வாயருகே வந்து நின்றன. யானை, எரிமலை, பிரளயம் என்று ஒவ்வொன்றும் நான் போறேன் நான் போறேன் என்றது. எதைச் சொன்னாலும் அவள் சிரிப்பாள் என்று தெரிந்தது. வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் பெரிதாகச் சொல்லிச் சொல்லி, பெரிய விஷயத்துக்கு என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சம் இல்லை. என் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"பிரேக் ஆயில் ஒழுகுது. பின் சக்கரத்துல. நாலு மாசமா. உங்கம்மாகிட்ட மறைக்க நான் ஊத்தி ஊத்தி வச்சேன். உன் மாமாவும் எனக்குத் தெரியாம ஊத்தியிருக்கான். இப்ப டப்பாவுல எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. பெடலை மிதிச்சுப் பாரு."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. என் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை போலிருந்தது.

"அப்பா?"

"மிதிச்சுப் பாரும்மா."

ஒரு நொடி. இரண்டு நொடி. அலமாரி தடக்கென்றது.

"பாதிக்கு மேல போகுது. மேல போகும்போது இப்படி இல்ல." மூச்சு விடுகிற சத்தம். "இப்ப தரையைத் தொடுது. அப்பா, தரையைத் தொடுது."

"அமுக்கியே வச்சிருக்காதே. விட்டு விட்டு மிதி, பம்ப் அடிக்கிற மாதிரி. என்ன கியர்?"

"மூணு."

"ரெண்டுக்குப் போ. சத்தம் போடும், போடட்டும். அப்புறம் ஒண்ணு. ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியா இழுக்காதே, பட்டனை அமுக்கிப் புடிச்சிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இழு. மலைப் பக்கமா ஒதுங்கு. பள்ளத்துப் பக்கம் போகாதே."

கிணற்றுக்குள் கட்டில் விழுந்தது. மறுபடி ஒரு கட்டில். இன்ஜின் ஓங்கி அலறியது. "அம்மா, ஏன் இப்படிப் போற?" என்று பேத்தி கேட்டாள். எங்கோ பெரிய லாரி ஹாரன். மாப்பிள்ளையின் குரல், "இன்னும் இழு. இன்னும்." பிறகு தகரம் பாறையை உரசுகிற நீளமான சத்தம். நகத்தால் என் முதுகெலும்பைக் கீறிய மாதிரி. அது எவ்வளவு நேரம் கேட்டது என்று யாராவது கேட்டால், வழக்கமாக ஒரு மணி நேரம் என்பேன். நாலு நொடி இருக்கும்.

பிறகு ஒன்றும் இல்லை.

"அம்மாடி?"

ஒன்றும் இல்லை.

"அம்மாடி!"

"அக்கா ஜன்னல் பக்கம் பாறைதான் தெரியுது" என்றான் பேரன். "நல்லா வேணும்."

மச்சான் ஷெட் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். என் மனைவி வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"எல்லாரும் இறங்குங்க. மலைப் பக்கத்துக் கதவு திறக்காட்டி மறுபக்கமா இறங்கி, வண்டிக்குப் பின்னால போயிடுங்க, முன்னால நிக்காதீங்க. மாப்பிள்ளையை ரெண்டு சக்கரத்துக்கும் முன்னால பெரிய கல்லா வைக்கச் சொல்லு. புள்ளைங்களுக்கு எங்கயாவது அடியா? கையைக் காலை ஆட்டச் சொல்லு. நீ அழு, பரவாயில்ல, ஆனா கல்லு வச்சிட்டு அழு. நான் வரேன்."

வாடகைக் கார் ஒன்றைக் கூப்பிட்டாள். நாடிக்கும் அவளேதான் போன் செய்து, இழுத்து வரும் வண்டியோடு மலைக்கு வரச் சொன்னாள். பையில் தண்ணீர் பாட்டில், பஞ்சு, பிளாஸ்டர், பிள்ளைகளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். கார் வந்ததும் ஏறினாள். நானும் கதவருகே போனேன். உள்ளேயிருந்தே பூட்டினாள். கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, என் போனை வெளியே நீட்டினாள்.

"நான் பொண்ணைப் பாத்துக்கறேன். மாப்பிள்ளைகிட்ட நீங்கதான் சொல்லணும். எனக்குப் பதிலா சொல்லச் சொல்லாதீங்க."

கார் போய்விட்டது. மச்சானும் நானும் வெறும் ஷெட்டுக்குத் திரும்பினோம், நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போது போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மாமா."

உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துகொண்டேன். நாடி சொன்னது, ஞாயிற்றுக்கிழமைகள், புதன்கிழமைகள், காலையில் அவள் பெடலைப் பற்றிக் கேட்டது, நான் அதைச் சிரித்து மழுப்பியது, எல்லாவற்றையும் இருந்தபடியே சொன்னேன். அந்தப் பக்கம் காற்று இரைந்தது. தூரத்தில் பேத்தி அழுதுகொண்டிருந்தாள், பேரன் அவளுக்கு எதையோ காட்டிச் சமாதானம் செய்துகொண்டிருந்தான்.

சொல்லி முடித்தேன்.

"நாங்க நிக்கிறது அஞ்சாவது வளைவு மாமா" என்றார். "இன்னும் பதினெட்டு இருந்துச்சு."